படம் வந்தது, சத்தம் வரவில்லை

யாக்கூப் நாலு மணிக்குத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். மறுநாள் துபாய் விமானம். அவன் கொண்டுவந்த கம்ப்யூட்டர் லீவு முழுக்கக் கஸ்டம்ஸில் கிடந்து, நேற்றுத்தான் தென்காசிக்கு வந்து சேர்ந்தது. வேலைக்கு ஆகாதென்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். அங்கே அதைக் கேட்டு ஒரு நண்பன் காத்திருந்தான்.

அவனுடைய அக்கா ராபியா கணக்கு டீச்சர். கணவர் ஆதம் தந்தி ஆபீஸில் பதினெட்டு வருஷம் இருந்தவர். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. விரல்களுக்கு டைப் அடிப்பது மறக்கவில்லை. ஆனால் அடித்தது சரியா தப்பா என்று ஒவ்வொரு வரிக்கும் இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தது. அது பொறுக்காமல் டைப்ரைட்டரை மூடிவைத்து இரண்டு வருஷமாகிறது.

தம்பி முன்கூட்டியே அனுப்பிய கம்ப்யூட்டர் புத்தகத்தைப் படித்து, ராபியா ஆறு மாதமாக ஒரு புரோகிராமை நோட்டில் எழுதியிருந்தாள். விசையை அழுத்தினால் எழுத்து டிவியில் விழும். கூடவே அந்த எழுத்துக்குரிய, குட்டையும் நெட்டையுமான தந்திச் சத்தம் கேட்கும். படம் அவளுக்கு, சத்தம் அவருக்கு.

காலையில் கம்ப்யூட்டரை வீட்டு டிவியோடு இணைத்தபோது வெறும் புள்ளி மழைதான். மெக்கானிக் குற்றாலநாதன் வந்து திருகித் திருகி ஒரு சேனலில் நீலத் திரையைப் பிடித்துக் கொடுத்தார். மதியம்வரை அவள் நோட்டைப் பார்த்து அடித்தாள். புரோகிராமை ஓட்டினாள். எழுத்து வந்தது. சத்தம் வரவில்லை. ஒலியைக் கூட்டினால் இரைச்சல் மட்டும்.

மறுபடி வந்த குற்றாலநாதன் மிஷினைப் புரட்டிப் பார்த்தார். "இது இங்கிலாந்துக்காரனுக்குச் செஞ்சது தங்கச்சி. சத்தத்த அது ஒரு இடத்துல அனுப்புது, நம்ம டிவி வேற இடத்துல தேடுது. டிவிய மாத்துததுக்கு ரெண்டு நாளாவது வேணும்."

"ராத்தா, மணி மூணாவுது" என்றான் யாக்கூப், காலிப் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துவைத்தபடி.

"விட்டுரு ராபியா" என்றார் ஆதம். "அவன் பஸ்ஸு போயிரும்."

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கங்களில் மிஷினின் முதுகிலிருந்த வட்டச் சாக்கெட்டைப் பற்றி ஒரு படம். ஐந்து துளைகள். அதில் ஒன்றில் சத்தம் மட்டும் தனியாக வருமென்று போட்டிருந்தது. குற்றாலநாதன் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை எடுத்து வயரின் நுனியைச் சீவினார்.

"மொதல்ல கரண்ட நிறுத்துங்க."

"நிறுத்தக் கூடாது அண்ணாச்சி! நான் அடிச்சதெல்லாம் அழிஞ்சிரும். மறுபடி அடிக்க மூணு மணி நேரம் ஆவும்."

"வயரு தப்பான துளையில பட்டா மிஷினே கருகிரும். பொறவு என்னயச் சொல்லக் கூடாது."

எல்லோரும் யாக்கூப்பைப் பார்த்தார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். "போடுங்க அண்ணாச்சி" என்றான்.

அவர் படத்தில் உள்ளபடி இடது கோடித் துளைக்குக் கம்பியைக் கொண்டுபோனார். கம்பி தொட இருந்த நேரத்தில் ராபியா அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"நில்லுங்க! இந்தப் படம் அதுல சொருகுற பிளக்குக்குப் போட்டது, சாக்கெட்டுக்கு இல்ல. இடமும் வலமும் மாறும்."

அவர் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூச்சை அடக்கி, வலது கோடித் துளையில் கம்பியைச் செருகினார். திரை ஒருமுறை நடுங்கி நின்றது. எழுத்து அழியவில்லை.

ராபியா 'A' விசையைத் தொட்டாள்.

ஸ்பீக்கரில் ஒரு குட்டைச் சத்தம், ஒரு நெட்டைச் சத்தம்.

ஜன்னலோரம் ஆதமின் தலை சட்டென்று திரும்பியது. யாரும் கூப்பிடாமலே சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். ராபியா எழுந்து நாற்காலியை விட்டாள். அவர் விசைகளை ஒரு முறை விரலால் அளந்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார். ஒரு இடத்தில் தப்பான சத்தம் கேட்டதும் முகம் சுளித்து, அழிக்கிற விசை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே திருத்தினார்.

யாக்கூப் குனிந்து திரையை வாசித்தான். ஆங்கில எழுத்தில் தமிழ். 'ரொம்ப மெதுவா போவுது. இப்படி அடிச்சா எங்க ஆபீஸ்ல வேலைய விட்டே தூக்கிருவான்.'

குற்றாலநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். யாக்கூப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

"எவ்வளவு வேகம் வேணும்?" என்றாள் ராபியா, நோட்டில் சத்தத்தின் வேகத்துக்கான வரியைத் தேடியபடி.

"ரெண்டு மடங்கு" என்றார் ஆதம். "சீக்கிரம் மாத்து. யாக்கூப்புக்கு ஒரு கடுதாசி எழுதணும்."