பள்ளத்துப் பக்கத்து மூலை

மழை பிடித்த நாளிலிருந்து அவளுடைய கணவனுக்குத் தலை சொறிய நேரமில்லை. அந்த ஊரில் கதவு இறுகினால் யாரும் ஒரு ராத்திரிகூடப் பொறுக்கமாட்டார்கள். சோறு வேகாவிட்டாலும் பரவாயில்லை, தச்சனைக் கூப்பிட்டு அன்றைக்கே இழைத்துவிட வேண்டும். ஊரில் தச்சன் அவன் ஒருவன்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. மலைச்சரிவில், இவர்கள் தெருவுக்கு மேலே முன்பு இன்னொரு தெரு இருந்தது. இப்போது அங்கே புல்மேடு. கணவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், விடாத மழை நாள் ஒன்றில், மேல்தெரு அப்படியே சறுக்கி இறங்கியது. பிழைத்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: கதவு திறக்கவில்லை. அங்கே குடியிருந்த மாமனார் ஜன்னல் வழியாகக் குதித்து இடுப்பை முறித்துக்கொண்டார். மாமியார் உள்ளேயே இருந்துவிட்டாள். அன்றிலிருந்து இறுகிய கதவு என்றால் ஊருக்கே குலைநடுக்கம்.

அவள் சமவெளியிலிருந்து வாழ வந்தவள். மழை என்றால் தூங்கமாட்டாள். தெருவில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். வீட்டிலும் அதுவே வேலைப் பங்கீடாகிவிட்டது. அவள் பயப்படுவாள், அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் சாய்ந்துகொண்டுதான் அவளால் பயப்படவே முடிந்தது.

அன்று மதியம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"மாமா ரூம் கதவு மறுபடியும் பிடிக்குதுங்க."

"முந்தாநாள்தானே இழைச்சேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

"மழையில மரம் தண்ணி குடிக்கும், ஊதும். நீ கல்யாணத்துக்கு அப்புறம் ஊதலையா, அது மாதிரி."

உள்ளறைக் கட்டிலிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "டேய், சிரிச்சது போதும், இழைச்சு விடு. அந்தக் கதவு முனகுறது கேட்டா எனக்கு நெஞ்சை அடைக்குது."

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து இழைப்புளியை எடுத்தான். நாலு இழுப்பு. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கிழவர் மூச்சுவிட்டார். அவன் திரும்பவும் தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

அவள் துடைப்பத்தோடு குனிந்தாள். போன வருட மழையில் இழைத்தபோது விழுந்த மரச்சுருள்கள் அவளுக்கு நினைவிருந்தன. கதவின் நீளத்துக்கும் உரிந்து வந்த ரிப்பன்கள். இப்போது கிடந்தவை விரல் நீளம்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேல் மூலை ஒன்றில் மட்டும் பெயின்ட் போய், மரம் புண்போல வெளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் தொடப்படாமல் இருந்தது.

கேட்கலாமா என்று தயங்கினாள். இவ்வளவு நாளும் அவள் பயந்தது மலைக்கு. இப்போது பயந்தது அவன் சொல்லப்போகும் பதிலுக்கு.

"ஏங்க, மரம் ஊதினா எல்லாப் பக்கமும்தானே ஊதும்?"

"ம்."

"இது ஒரு மூலையில மட்டும்தானே பிடிக்குது?"

அவன் மென்றுகொண்டே இருந்தான்.

"எதிர்வீட்டுத் தையல்காரக்கா கதவுல எங்க இழைச்சீங்க?"

"மேல் மூலையில. பள்ளத்துப் பக்கம்."

"வாத்தியார் வீட்டுல?"

"அங்கயும்..." மெல்லுவது நின்றது. "பள்ளத்துப் பக்கம்."

"கடைசி வீட்டுல?"

அவன் கை கழுவாமல் எழுந்தான். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, ஸ்டூலில் ஏறி, வாசல் நிலையின் மேல்கட்டைக்கு அடியில் ஒட்டிப் பிடித்தான். அந்த நிலையை நிறுத்தியவனே அவன்தான். குமிழி நடுவில் நிற்கவில்லை. மேட்டுப் பக்கம் ஓடி, கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டின் பள்ளத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது.

அவன் சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. 

"கதவு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு," என்றான். "நான்தான் வீடு வீடாப் போய் வாயை மூடிட்டு வந்திருக்கேன்."

மாமனாரை அவன் முதுகில் ஏற்றினான். கிழவர் ஏன் என்று கேட்கவில்லை. மகனின் கழுத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெளியே மரம் ஏற்றும் தள்ளுவண்டியில் அவரை உட்காரவைத்து, அவள் ஒரு தார்ப்பாயைப் போர்த்தினாள்.

எதிர்வாசலில் தையல்காரி சிரித்தாள். "என்ன தம்பி, அப்பாவை வண்டியில ஏத்தி ஊர்கோலமா?"

"அக்கா, வெளிய வாங்க. மண்ணு நகருது."

"யாரு சொன்னா, உன் பொண்டாட்டியா? அவளுக்குக் குழாய்ல தண்ணி வந்தாலே வெள்ளமாச்சே!"

"விளையாட்டில்லக்கா."

"போடா. மண்ணு நகர்ந்தா கதவு இறுகாதா? எந்த ஊர்ல பொறந்தவ நான்? நேத்து நீயே இழைச்சுக் குடுத்த, பாரு."

தையல்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக் காட்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அது மூடியது. மழையில் நின்றிருந்த அவளுக்கு, எந்த இடிச் சத்தத்தைவிடவும் அந்தச் சத்தமின்மை பயமாக இருந்தது.

கணவன் ஒரு கணம் அந்தக் கதவையே பார்த்தான். பிறகு திருப்புளியோடு தன் வீட்டு வாசலுக்கு ஓடினான். கீல்களைக் கழற்றி, கதவைத் தூக்கித் தெருவில் போட்டான். தையல்காரி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"கதவைப் பாக்காதீங்கக்கா. நிலையைப் பாருங்க."

கதவு இருந்தவரை தெரியாதது இப்போது தெரிந்தது. அந்த நிலைச் சட்டம் நேராக இல்லை. மேல்கட்டை பள்ளத்துப் பக்கம் சரிந்து கிடந்தது. வாழ்நாளெல்லாம் துணிக்கு ஓரம் மடித்த கண் அது, கோணலை அதனிடம் மறைக்க முடியாது. தையல்காரி உள்ளே போய், மிஷினின் தலைப்பாகத்தைக் குழந்தையைப்போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என் கதவையும் கழட்டு. அப்பதான் நான் திரும்பிப் போகமாட்டேன்."

பிறகு அவன் வாசல் வாசலாக ஓடிக் கதவுகளைக் கழற்றிப் போட்டான். வாத்தியார் திட்டினார், கடைசி வீட்டுக்காரர் அடிக்க வந்தார். திட்டுவதற்காவது வெளியே வந்தார்கள். வந்தவர்களைத் தையல்காரி தோளைப் பிடித்துத் திருப்பி நிலையைக் காட்டினாள்.  ஆளுக்கு ஒரு கை பிடிக்க, தள்ளுவண்டி இறக்கத்தில் உருண்டது. கணவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான். அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். இனி அவளுக்குச் சாய்ந்துகொள்ளச் சிரிப்பு இல்லை, அந்தக் கைதான்.

கீழ் வளைவில் சாலை சமதரையைத் தொட்டபோது பின்னால் மலைச்சரிவில் மண் இறங்கும் அந்தச் சத்தம் கேட்டது. துருப்பிடித்த கீலில் பெரிய கதவொன்றை யாரோ மெல்லத் திறப்பதுபோல, நீளமான முனகல்.

தார்ப்பாய்க்குள் மாமனார் காதுகளைப் பொத்திக்கொண்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவின் கதவுகளெல்லாம் மழையில் தரையோடு கிடந்தன.