திரையின் மூலையில் எழுபத்தைந்து

"ஸ்கிரீன்தான் திணறுது" என்றாள் என் மனைவி. "மூணாவது வளைவுல நான் திருப்பி முடிச்ச அப்புறம்தான் அதுக்கு உறைக்குது."

நான் நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

அவள் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். இடது கைக்காரி. குழந்தைகளின் கையில் ரத்தக்குழாய் அகப்படவில்லை என்றால் மற்றவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவளை 'ஊசி' என்பேன். நான் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அவளுக்கு நான் 'லிஃப்ட்டு'. பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு கேம் சென்டரில், கார் ரேஸில் என்னை ஏழு தடவை வரிசையாகத் தோற்கடித்துவிட்டு, "எட்டாவது வேணுமா, இல்ல டீ போதுமா?" என்று கேட்டாள். டீ போதும் என்றேன். அப்படி ஆரம்பித்தது எங்கள் கதை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே விளையாட்டு, அதே மலைப்பாதை. அதில் ஒரு வசதி உண்டு. நம்முடைய மிகச் சிறந்த ஓட்டத்தை அது பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நாம் ஓட்டும்போது, அந்தப் பழைய ஓட்டம் ஒரு நிழல் காராகக் கூடவே ஓடும். போன வருடத்து ஊசியோடு இந்த வருடத்து ஊசி போட்டி போடுவாள். நாலு மாதம் முன்பு வரை இருவரும் உரசிக்கொண்டுதான் போனார்கள். அதன்பிறகு மூன்றாவது வளைவு வந்தாலே இவள் சுவரில் இடிப்பதும், நிழல் கார் தன் பாட்டுக்குப் போய்விடுவதும் வாடிக்கையாகிவிட்டது.

டம்ளர்களும் விழ ஆரம்பித்தன. சட்டைப் பொத்தான் போட அவளுக்கு நேரமானது. அவளுடைய நிலையத்து டாக்டரே கவனித்து, நரம்பு டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அது ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. நான் அதை எடுத்தபோதெல்லாம் அவள் பேச்சை மாற்றினாள். கடைசியில் ஒரு நாள் சொன்னாள்.

"ஸ்கிரீனைச் சரி பண்ணிக் குடு. அப்பவும் இடிச்சேன்னா நானே வரேன் டாக்டர்கிட்ட. பேச்சு மாற மாட்டேன்."

எங்கள் மானிட்டர் நொடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கும். அறுபது ஹெர்ட்ஸ். அதற்கு மேலேயும் அதை ஓட வைக்கலாம் என்று கேள்விப்பட்டு, கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்புக்குள் போய் எழுபத்தைந்து என்று எழுதினேன். திரை கறுத்துப் போனது.

"போச்சா?" என்றாள் என் அம்மா, பின்னால் நின்றுகொண்டு. "நல்லா இருந்த பொட்டியை நோண்டி நோண்டி..."

மூன்று நொடியில் படம் திரும்பி வந்தது. மவுஸ் அம்பு எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது. எண்பது வைத்துப் பார்த்தேன், திரையில் கோடு கோடாக வந்தது. எழுபத்தைந்திலேயே விட்டுவிட்டேன்.

ஊசி உட்கார்ந்து ஓட்டினாள். இடித்தாள். "ஸ்கிரீன் அப்படியேதான் இருக்கு" என்றாள்.

மூன்று ஞாயிறு அப்படியேதான் இருந்தது. அவளும் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நாலாவது ஞாயிறு காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காபி கலக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா துணியோடு மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரை எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று மூலையில் காட்டும் கீழ் விளிம்புப் பொத்தான் அவள் கையில் அழுந்திவிட்டது.

"ஏண்டா, மூலையில அறுபதுன்னு வருது? எழுபத்தஞ்சு எழுபத்தஞ்சுன்னு மூணு வாரமா பீத்திக்கிட்டியே?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

என் வேலையில் முதல் பாடமே அதுதான். எந்தப் பாகத்தை மாற்றினாலும் மீட்டரை வைத்து அளந்து பார்க்காமல் லிஃப்ட்டை விடக்கூடாது. அளக்காமல் விட்ட ஆட்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். வீட்டில், அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் தெரியும் விஷயத்தை, மூன்று வாரம் நான் பார்க்கவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

விளையாட்டுக்கு வெளியே எழுபத்தைந்தில் இருக்கும் திரையை, விளையாட்டு திறந்ததும் தன் பழக்கப்படி அறுபதுக்கு இழுத்துக்கொள்கிறது. அதன் மெனுவில் அறுபதைத் தவிர வேறு எண்ணே இல்லை. அமைப்புக் கோப்பைத் தேடித் திறந்தேன். இரண்டு இடத்தில் அறுபது இருந்தது. ஒன்று திரைக்கு, இன்னொன்று ஒரு நொடிக்கு எத்தனை படம் வரையலாம் என்ற வரம்புக்கு. இரண்டையும் எழுபத்தைந்தாக்கித் திறந்தேன். பொத்தானை அழுத்தினால் மறுபடி அறுபது. நான் எழுதியதை விளையாட்டே அழித்துப் பழையதை எழுதி வைத்திருந்தது. திரும்ப மாற்றி, யாரும் திருத்த முடியாதபடி கோப்பைப் பூட்டினேன்.

எழுபத்தைந்து.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சாலை வெண்ணெயாக விரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியென்றால் இவ்வளவு நாள் குறை திரையில்தான். அவள் கையை இன்னும் யாரும் சோதிக்கவே இல்லை.

அந்தச் சந்தோஷம் காபி ஆறுவதற்குள் தீர்ந்தது. இனிமேல் பழி போட வேறு எதுவும் மிச்சமில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

ஊசி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "என்ன லிஃப்ட்டு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சரியாயிடுச்சா?"

"இல்ல" என்றேன். "கேமுக்குள்ள போனா அறுபதுக்கு எறங்கிடுது. இன்னும் அதுலதான் நிக்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். துணியை மடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தாள்.

ஊசி உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தாள். முதல் வளைவில் நிழல் காரோடு ஒட்டியே போனாள். இரண்டாவதில் கொஞ்சம் முன்னால்கூட வந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவு வந்தபோது அவள் கண் திரும்பியது, தோள் திரும்பியது. விரல் மட்டும் தாமதமாகக் கிளம்பியது.

இடித்த சத்தம் கேட்டது.

அவள் திரையைத் திட்டவில்லை. கையை நீட்டி மானிட்டரின் அடியில் பொத்தானைத் தேடினாள். முதல் தடவை அழுந்தவில்லை. இரண்டாவது தடவை மூலையில் எழுபத்தைந்து வந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறைந்தது.

"முதல் வளைவுலேயே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "எங்கிட்டப் போய்ப் பொய் சொல்ல முடியுமா உன்னால?"

"ஊசி, இன்னொரு தடவை ஓட்டிப் பாரு. கை சூடாகல..."

"அந்த நிழல் காரைப் பாத்தியா? எவ்வளவு அழகா வளையுது. இத்தனை நாள் எனக்கே தெரியல, அவ இவ்வளவு நல்லா ஓட்டுவான்னு."

அவள் கன்ட்ரோலரைத் தன் மடியில் இறக்கி வைத்தாள்.

"போன மாசம் என்னைப் பதிவு மேசைக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னேன்ல? அவங்க மாத்தல. ஒரு பாப்பா கையில மூணு தடவை குத்திட்டேன். நாலாவதுக்கு அது தானாவே கையை நீட்டுச்சு. நான்தான் எழுந்து போய் மேசையில உக்காந்துக்கிட்டேன்."

அவள் தோளில் கை வைத்தேன். ஈரத் துண்டு சில்லென்றிருந்தது. நான் எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். மேலே சீட்டு இல்லை. அம்மா சமையலறை வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் எப்போது போட்டு வைத்தாளோ. அதை ஊசியின் பக்கம் நீட்டினாள்.

"இன்னிக்கு யாரும் போனை எடுக்க மாட்டாங்க" என்றாள் ஊசி, சீட்டைப் பார்த்தபடி. "நாளைக்கு ஒன்பது மணிக்கு அடிக்கலாம். நீ லீவு சொல்லிடு. நான் சொன்னா சொன்னதுதான்."

"சரி."

அவள் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இடது கையை வலது கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"நீ ஓட்டு. நான் பாக்குறேன். அவ ரெக்கார்டை மட்டும் அழிச்சிடாதே."

நான் ஓட்டினேன். முதல் வளைவிலேயே நிழல் காரில் போன பழைய ஊசி என்னைப் பின்னால் விட்டாள். மூன்றாவது வளைவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாலை காலியாக இருந்தது.