தோளில் இருக்கும்வரை

ஞானராஜ் மாரிச்சாமியை அறைந்தது ஒரே அறைதான். அதற்கே கழுத்து திருகி, கிணற்றடிக் கல்தூணில் மண்டை மோதி, மாரிச்சாமி அங்கேயே செத்துப்போனான். வேறு யார் அறைந்திருந்தாலும் கன்னம் வீங்கியிருக்கும், அவ்வளவுதான். அறைந்தவன் ஏழடி நாலங்குல உயரம். போன சண்டையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, இந்த உடம்புக்குப் பதுங்குகுழி வெட்டி மாளாது என்று சிரித்துத் திருப்பி அனுப்பப்பட்டவன். தண்ணீருக்கு வந்த அவன் பெண்டாட்டி பிலோமியின் முந்தானையை இழுத்து, "அந்தப் பனைமரத்துல ஏணி வச்சா ஏறுறே?" என்று கேட்டவனுக்கு அறை நியாயம்தான். சாவு நியாயமில்லை. அது ஞானராஜுக்கே தெரிந்திருந்தது.

செத்தவனின் அண்ணன் இருளப்பசாமி நாலு பேரோடு அரிவாள் தூக்கி வந்தபோது ஞானராஜ் முனியாண்டி கோயில் முன்னால் நின்றான். எங்கே ஓடி ஒளிவது? கருவேலங்காட்டுக்கு மேலே தலை தெரியுமே. காலடியில் இளவட்டக்கல் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பையன்கள் தூக்கிக் காட்டுகிற உருண்டைக் கல். அது தோளில் இருக்கும்வரை தூக்கியவன் மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. ஞானராஜ் கல்லைக் கட்டிப்பிடித்தான். மூச்சை அடக்கித் தோளுக்கு ஏற்றினான்.

"சிலுவை கும்பிடுற வேதக்காரனுக்கு என்னண்ணே இந்தக் கட்டு? வெட்டுவோம்," என்றான் கூட வந்தவர்களில் ஒருவனான பால்சாமி.

"யாரு என்ன வேதம்னு கல்லுக்குத் தெரியுமாலே?" என்றான் இருளப்பசாமி. "எம்புட்டு நேரம் தாங்கிருவான்? எறக்கட்டும்."

அந்தக் கல்லோடு கோயிலை மூன்று சுற்று வந்ததுதான் அதுவரை ஊரின் பெரிய சாதனை. செய்தவன் இதே இருளப்பசாமி. ஞானராஜ் கோயிலைச் சுற்றவில்லை. ஒரு மைல் தள்ளியிருந்த திருச்சுழி போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான்.

ஐந்து அரிவாள்களும் கூடவே நடந்தன. ஆளைத் தொடாதே என்றுதான் கட்டு. பாதையில் முள் போடாதே என்று இல்லையே. கருவேல முள்ளை வெட்டி முன்னால் பரப்பினார்கள். முள் பாதத்துக்குள் முறிந்தது; மிதித்துக்கொண்டே போனான். கல்லெறிந்தால் குற்றம், மண் எறிந்தால் குற்றமில்லை என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கரம்பைக் கட்டிகளை முகத்தில் வீசினார்கள். ஒரு கண் மூடிக்கொண்டது. அப்போதுதான் பால்சாமிக்குப் புத்தி வேலை செய்தது. பின்னால் ஓடிவந்த பிலோமிக்கு எந்தக் கட்டும் காவல் இல்லை. பாதையோரம் அவிழ்த்துவிட்டிருந்த மாட்டுவண்டியின் பக்கத்தில் செருகியிருந்த ஊணுகம்பை உருவி அவள் முழங்காலில் அடித்தான்.

கம்பு எலும்பில் விழும் சத்தம் ஞானராஜுக்குக் கேட்டது. கல் கழுத்தை அழுத்தியதால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"எறக்கிராதீக!" என்று கத்தினாள் பிலோமி. "எனக்கு ஒண்ணுமில்ல, நடங்க!"

அடி விழுந்தது. "எறக்கிராதீக!" மறுபடி அடி. பாவி மகள், விழுந்தும் எழுந்தும் நொண்டியும் கத்திக்கொண்டே வந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவன் நடந்தான்.

ஸ்டேஷன் வாசல் எல்லாரையும் போன்ற மனிதர்களுக்குக் கட்டியது. எந்த வாசலிலும் அவன் குனிந்துதான் நுழைவான். இன்றைக்குக் குனிந்தால் கல் உருண்டுவிடும். முதுகை நிமிர்த்தியபடி மண்டியிட்டு, முழங்காலால் நகர்ந்தான்.

"உள்ள வந்துருய்யா! வந்துட்டா ஒரு பய தொட முடியாது," என்று கைநீட்டினார் ஏட்டு.

அப்போதுதான் குரல் நின்றுபோனது அவனுக்கு உறைத்தது. எப்போது நின்றது? தன் மூச்சிரைப்பில் கவனிக்கவே இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கல்லோடு எழுந்து வந்த வழியே திரும்பினான். ஏட்டு இடுப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஓர் ஆளால் ஆகிற காரியமா? இருளப்பசாமி வாய் பிளந்து வழிவிட்டான், பிறகு பின்தொடர்ந்தான்.

பாதி வழியிலிருந்த பாலத்தருகே பிலோமி மண்டை உடைந்து கிடந்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கக் குனிய வேண்டும். குனிய வேண்டுமென்றால் கல்லை இறக்க வேண்டும்.

ஞானராஜ் கல்லைப் போட்டான். குனிந்து அவள் மூக்கருகே காதை வைத்தான்.

"இருக்கா," என்றான் சந்தோஷமாக. "இருளப்பா, இவள மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரு."

அதற்குப் பிறகுதான் முதல் வெட்டு விழுந்தது. எல்லாம் முடிந்தபின், அரிவாளைத் துடைத்துக்கொண்டே வண்டியைப் பூட்டச் சொன்னவனும் இருளப்பசாமிதான்.