தொக்கம் எடுத்த கடலை

அழகுமலையின் உள்ளங்கையில் ஒரு கடலையை வைத்தால் போதும். வாயில் போடுவதற்கு முன்பே அது எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவான். கொட்டாம்பட்டி வட்டாரத்தில் நிலக்கடலை வாங்கி விற்கிற அவனிடம் ஈரச் சரக்கைத் தள்ளிவிட்ட சம்சாரி இன்னும் பிறக்கவில்லை. அப்பேர்ப்பட்டவன் தன் இரண்டு வயது மகள் தீப்தியின் இருமலுக்கு முன்னால் பத்தொன்பது நாளாக முழித்துக்கொண்டிருந்தான்.

தொடங்கியது விளையாட்டில்தான். வறுகடலையைத் தோல் நீக்கி மகள் வாயில் போட்டுவிட்டு, அவளைத் தலைக்கு மேலே தூக்கிப்போட்டுப் பிடித்தான். சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. கண் பிதுங்க, முகம் கறுக்க இருமினாள். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. "புரை ஏறிருச்சு, யாரோ நினைக்கிறாங்க" என்று அவன் மனைவி பாண்டிமீனா பிள்ளையின் உச்சந்தலையில் தட்டினாள். மறுநாளிலிருந்து இருமல் வீட்டில் குடிவந்துவிட்டது.

இருமலுக்கு மருந்து தெரியாதவர் ஊரில் ஒருத்தர்கூட இல்லை. கற்பூரவள்ளி என்றார்கள், ஆடாதொடை என்றார்கள். மருந்துக் கடை மருது சீட்டுக்கூடக் கேட்காமல் ஒரு சிரப்பை எடுத்து நீட்டினான். "அண்ணே, இதுல ஒரு மூடி குடுங்க. இருமல் வாசல்லயே செருப்ப மாட்டிக்கிட்டு வந்த வழி போயிரும்." பிள்ளை மயங்கித் தூங்கியது. இருமல் குறைகிறதே என்று அழகுமலை ஒரு மூடியை இரண்டாக்கினான். மூச்சு இரைத்ததை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள், சமணர் மலைக்குப் பின்னால் ஓர் ஊரில் தொக்கம் எடுக்கிற ஒச்சம்மாளிடம் போனார்கள். பிள்ளைக்குள் சிக்கிக்கொண்டதை வாயால் உறிஞ்சி எடுத்துவிடுவாள் என்று பேர்.

"என்னய்யா குடுத்த பிள்ளைக்கு?"

"கடலை, ஆத்தா."

"அதான். தொக்கம் நிக்குது."

பிள்ளையின் வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சினாள். இலையில் துப்பினாள். ஒரு கடலை உருண்டது. பாண்டிமீனா அப்படியே காலில் விழுந்தாள். அழகுமலையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். அதற்குப் பிறகும் இருமியபோது, "வந்த இடம் புண்ணு, ஆறணும்ல" என்று ஒச்சம்மாள் போனில் சொன்னாள். அதையும் நம்பினான்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. கார் பிடித்து மேலூரைத் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சின் இரண்டு பக்கமும் குழலை வைத்துக் கேட்டாள்.

"வலது பக்கம் காத்தே போகலையே. ஏதாவது முழுங்குச்சா? கடலை, பட்டாணி, புளியங்கொட்டை?"

"இல்ல டாக்டரம்மா. சளிதான்."

அவன் கணக்கில் அது பொய் இல்லை. உள்ளே போனதுதான் வெளியே வந்துவிட்டதே. தொக்கம் என்று வாயைத் திறந்தால் வசவுதான் மிஞ்சும். டாக்டரம்மா நுரையீரல் காய்ச்சல் என்று எழுத ஆரம்பித்தாள்.

"ஏங்க, சொல்லிருங்க" என்றாள் பாண்டிமீனா.

"சும்மா இரு புள்ள."

"வைவாங்கன்னு நீங்க பாக்குறீங்க. நான் பிள்ளையப் பாக்குறேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த அந்தக் கடலையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். "கடலை திங்கிறப்பத்தாம்மா புரை ஏறுச்சு. அன்னிலருந்துதான் இருமல். இத ஒரு ஆத்தா எடுத்துக் குடுத்துச்சு."

அழகுமலை அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தான். அன்றைக்குக் கண்ணீருக்கு ஊடே பார்த்தது. இன்று ஜன்னல் வெளிச்சத்தில் ரோஸ் தோல் பளிச்சென்று தெரிந்தது. விரலால் நசுக்கினான். வறுக்காத பச்சைக் கடலை. ஓடு உடைத்துப் பத்து நாளுக்கு மேல் இருக்காது; ஒச்சம்மாளிடம் போன அன்றைக்கு உடைத்த சரக்கு. விலையை முதலில் சொல்கிறவன் தோற்பான் என்று சந்தையில் பத்துப் பேருக்குப் புத்தி சொன்னவன், 'கடலை' என்று ஒச்சம்மாளிடம் தானே முதலில் வாயைத் திறந்திருக்கிறான். அவளும் கேட்ட சரக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"டாக்டரம்மா, இது அது இல்ல. நான் குடுத்தது வறுத்தது. அது உள்ளதான் இருக்கு."

டாக்டரம்மா வையவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "வயித்துல இல்ல, மூச்சுக்குழாய்ல இருக்கு. மயக்கம் குடுத்து, குழாய் விட்டு எடுக்கணும். இப்பவே."

"மருந்துல கரைக்க முடியாதாம்மா?"

"முடியாது."

"நாளைக்கு வச்சுக்கிட்டா?"

"நாளைக்கு வரைக்கும் தாங்காது."

"உசுருக்கு ஒண்ணும்..."

"எடுக்குறதுலயும் ஆபத்து இருக்கு. எடுக்காட்டி அத விட." பையில் எட்டிப் பார்த்த சிரப் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இதையா குடுத்தீங்க? பிள்ளை இருமி இருமி அதை வெளிய தள்ளத்தான் பாத்திருக்கு. நீங்க இருமலையே அமுக்கிட்டீங்க."

பேரத்தை விட்டுவிட்டு, நீட்டிய சம்மதத் தாளை வாங்கினான். கையெழுத்துப் போட்டான். அது யாரோ ஒருத்தன் கையெழுத்து மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்டரம்மா வெளியே வந்து சின்ன டப்பாவைக் காட்டினாள். அரைக் கடலை, ஊறி உப்பிப்போய். "எடுத்தாச்சு. ஆனா அதுக்குக் கீழ சீழா கட்டிக் கிடக்கு. முடிஞ்சத உறிஞ்சிட்டோம். மிச்சத்தப் பிள்ளைதான் இருமி வெளிய கொண்டுவரணும். இருமலேன்னா மூச்சு விட மெஷின்ல போடணும்."

கட்டிலில் தீப்தி ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சத்தமே இல்லாமல் கிடந்தாள். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழும்பியது.

"அண்ணே, சும்மா நிக்காதீங்க" என்றாள் நர்ஸ் பாண்டீஸ்வரி. "தூக்கி நிமித்திப் பிடிங்க. முதுகுல இப்படித் தட்டுங்க. பேசுங்க."

பத்தொன்பது நாளாக எந்தச் சத்தத்துக்குப் பயந்து கோயில் கோயிலாக வேண்டினானோ, அதற்காக அழகுமலை மகளின் காதருகே குனிந்தான். "இருமு தாயி. அப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வீடு இடியிற மாதிரி இருமு." தட்டினான். பாண்டிமீனா பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. "தாயி, உன்னயத்தான். ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு."

பிள்ளையின் உடம்பு முறுக்கியது. நர்ஸ் மாஸ்க்கை விலக்கினாள். ஈரத் துணியைக் கிழித்த மாதிரி ஒரு இருமல். அழகுமலையின் வெள்ளைச் சட்டையில் பச்சையாகச் சளி விழுந்தது.

"பத்தாதுண்ணே" என்றாள் நர்ஸ், மாஸ்க்கைத் திரும்ப வைத்து. "இன்னும் நிறைய வரணும்."

அவன் சட்டையைத் துடைக்கவில்லை. மகளை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தான்.

"கொசுறு போடு தாயி" என்றான், முதுகில் தட்டிக்கொண்டே. "அப்பனுக்கு இன்னொண்ணு போடு."