டப்பாவில் உறைந்த எல்லை

1979 ஐப்பசியில், வெள்ளக்கடை என்ற மலையூரில், சித்தன் தன் நிலத்தின் எல்லையை மறந்தான். மறந்த எல்லை அவன் வீட்டு வனஸ்பதி டப்பாவின் அடியில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அந்த வருஷம் ஆரஞ்சுக்கு நல்ல விலை, மழை வழக்கம்போலத்தான்.

டப்பாவை முதலில் சந்தேகப்பட்டவள் அவன் மனைவி காளியாயி. பச்சைத் தண்ணீரைக்கூட ஊதிக் குடிக்கிறவள். பக்கத்து ஊரான ஒண்டிக்கடையில் மளிகைக்கடை வைத்திருந்த லூர்துராஜ், நெய் மாதிரியே இருக்கும், விலை பாதிகூட இல்லை என்று அதை இறக்கியதிலிருந்து ஊரே பூரியும் போண்டாவுமாகத் தின்றது. காளியாயி தொடவில்லை. மெழுகுவத்தி வாசம் அடிக்கிறது, எறும்புகூட மொய்க்கவில்லை, எறும்புக்கு ஆகாதது எனக்கு எதற்கு என்றாள். தவிர, எடுக்க எடுக்கக் குறையவேண்டிய டப்பா, சித்தன் எதையாவது மறந்த மறுநாள் ஒரு விரற்கடை ஏறியிருக்கும். மச்சினன் பெயரை மறந்தான், ஏறியது. மாடு விற்றதை மறந்தான், ஏறியது.

அங்கே நிலத்துக்குக் காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். வருஷத்துக்கு ஒரு தரம் நிலத்துக்காரன் எல்லையில் நடந்து மரம், பாறை என்று சொல்லிக்கொண்டே போவான். கூட வரும் ஆண்கள் "ஆமாங்க" என்பார்கள். பெண்கள் போவதில்லை. அந்த வருஷம் சித்தன் பலாமரத்தடியில் நின்று, அடுத்தது எதுவென்று தெரியாமல் விழித்தான். கூட வந்தவர்களும் அதே வனஸ்பதியில் சுட்டதைத் தின்றவர்கள்தானே, வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நின்றார்கள். மறுநாள் பக்கத்து எஸ்டேட் வேலி பலாமரத்தைத் தாண்டி வந்திருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். "எல்லையச் சொல்லுங்க, இப்பவே வேலியப் புடுங்கிக்கறோமுங்க." அவரும் லூர்துராஜும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதைக் காளியாயி பார்த்திருந்தாள். இருவரும் கூட்டு என்று தெரிய அவளுக்கு அது போதும். சாமை விளைகிற அந்த நிலம் போனால் அதே எஸ்டேட்டில் கூலிக்குத்தான் நிற்கவேண்டும்.

டப்பாவில் இருந்ததைச் சித்தனுக்கே ஊட்டிப் பார்த்தாள். விடிவதற்குள் அது டப்பாவுக்கே திரும்பியிருந்தது. கடைசியில் அடியோடு சுரண்டி, உருக்கி, களியில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தானே தின்றாள். முதல் கவளத்தில் பலாமரத்துக்கு அடுத்த ஊற்று தெரிந்தது. அப்புறம் பிளந்த பாறை, அப்புறம் இரட்டை நாவல்மரம். காலையில் ரைட்டரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

"பொம்பள சொல்றது செல்லுமாங்க?" என்று இழுத்தார் அவர்.

"நடந்து பாருங்க. சொன்ன எடத்துல சொன்னது இல்லீனா வேலி இருக்கட்டுமுங்க."

எல்லாம் இருந்தன. வேலி பழைய இடத்துக்குப் போனது.

ஆனால் களியோடு வேறொன்றும் உள்ளே போயிருந்தது. ஆரஞ்சுக் கூடையோடு குப்பனூரில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெண்ணை அவள் சித்தனின் கண்ணால் பார்த்தாள். அவளேதான். தான் அவ்வளவு அழகாக இருந்தது அவளுக்கே தெரியாது; இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாயைத் திறந்து சொன்னதுமில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சித்தனுக்கு எதுவும் திரும்பவில்லை, பெண்டாட்டி முகம்கூட. முன்பெல்லாம் "ஏபுள்ள" என்று அதட்டியவன், காலையில் எழுந்ததும், "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்பான்.

"குப்பனூருங்க. பஸ்ஸுக்கு நிக்கையில ஒருத்தரு என்னையே பாத்துட்டு அவரு பஸ்ஸ உட்டுட்டாருங்க."

"நானா இருந்தாலும் உட்டிருப்பேனுங்க" என்று சித்தன் வெட்கப்படுவான்.

தொண்ணூறுகளிலும் தினம் இப்படித்தான் நடந்தது. அப்புறம் அவள் சாமைச் சோறு போடுவாள், அவன் சாப்பிடுவான்.