விளங்காதவற்றின் பக்கம்

முப்பத்தெட்டுக் கொப்பிகள். முப்பத்தேழிலும் 'ஒன்றுமில்லை'.

நான் கேதீஸ்வரி, வல்வெட்டித்துறையில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். படித்தபின் புத்தகத்தை மூடிவைத்து, நினைவில் நிற்பதைக் கொப்பியின் ஒரு பக்கத்திலும் விளங்காததை மறுபக்கத்திலும் எழுதுங்கள் என்று பிள்ளைகளைப் பழக்கினேன். எங்கே தடக்குப்படுகிறார்கள் என்று தெரிந்தால்தானே தூக்கிவிடலாம்? மூன்று மாதம் கத்திக் கத்தி, அப்போதுதான் உண்மையை எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

இப்போது அத்தனையும் பிழை அழிக்கிற வெள்ளை மைக்குக் கீழே. மேலே அம்மாமாரின் வடிவான எழுத்து.

செந்தூரனின் தாய் குணலட்சுமியைப் பாடசாலை வாசலில் மறித்துக் கேட்டேன்.

"வாணி விழாவுக்கு உந்தக் கொப்பியளைச் சரஸ்வதிக்கு முன்னாலை வைக்கப்போறியளாம், ரீச்சர். விளங்கேல்லை எண்டு எழுதி வைக்கலாமே? பிள்ளைக்குப் படிப்பெல்லே ஏறாது!"

"அப்ப சரஸ்வதிக்குப் பொய் எழுதி வைக்கலாமோ?"

"உங்களோடை கதைச்சு வெல்லேலாது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பிள்ளையின் மூளைக்கே வெள்ளை பூசிவிட்டு என்ன சிரிப்பு!

தப்பியது வினோஜாவின் கொப்பி ஒன்றுதான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் விடியவே கரைக்கு மீன் எடுக்கப் போய்விடுவாள். மகளின் கொப்பியைத் திறக்க வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை. அந்தப் புண்ணியத்தில் இப்படி ஒரு வரி மிஞ்சியிருந்தது:

'−3 இலிருந்து −5 ஐக் கழித்தால் ஏன் 2 வருகிறது? பாடமாக்கி வைத்திருக்கிறேன். விடை சரியாக வரும். ஆனால் ஏன் என்று ஒரு நாளும் விளங்கவில்லை.'

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. 'திங்கட்கிழமை பார்ப்போம்' என்று கீழே எழுதினேன்.

கொப்பிகளைப் புரட்டிய பாடசாலை அதிபர் தில்லைநாதன் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"வலயக் கல்வி அலுவலகத்திலையிருந்து ஆக்கள் வருகினம், ரீச்சர். உந்த ஒரு கொப்பியாலை எங்கடை மானம் போகவேணுமே? அழிக்கச் சொல்லுங்கோ."

"சேர், உது படிக்கிற கொப்பி. படையல் இல்லை."

"ஓம், ஓம். இடமாற்றக் காலமும் வருகுது. நீங்களும் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதெல்லே நல்லது?"

வாய் கிழியக் கதைக்கிற நான் அதோடு அடங்கிவிட்டேன். இந்த மனிதர் மீது வந்த அருவருப்பு கொஞ்ச நேரத்தில் என் பக்கம் திரும்பியது. ஆனாலும் வினோஜாவைக் கூப்பிட்டு, மேசையில் இருந்த வெள்ளை மையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

"ஏன் ரீச்சர், பிழையா எழுதிப்போட்டனே?"

"இல்லையம்மா. விழாவுக்குத்தான்."

அவள் தன் கேள்வியின் மேல் பூசினாள். நான் எழுதிய வரியையும் சேர்த்தே பூசினாள்.

விழாவன்று கொப்பிகள் சந்தனப் பொட்டோடு அடுக்கப்பட்டிருந்தன. வந்த அதிகாரி நாலைந்தைப் புரட்டிவிட்டு, "ஒரு பிள்ளைக்கும் ஒரு சந்தேகமும் இல்லை, அருமை!" என்றார். மண்டபமே கைதட்டியது.

திங்கட்கிழமை அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன்.

"வினோஜா, உதிலை உமக்கு ஒண்டு விளங்கேல்லையெல்லே? கேளும், பாப்பம்."

அவள் எழுந்து நின்றாள். முதலில் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை, ரீச்சர்."

மறுபடி தன் இடத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய சுட்டுவிரல் நகத்தில் வெள்ளை மை இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் கொடுத்தவள் நான்.