ஆமாக்கா சொல்லாமல் விட்ட ‘ஆம்’

1

இந்தக் கதை ஒரு கிண்டலாகத்தான் தொடங்கியது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டமன்ற உறுப்பினர்கள் எத்தனை முறை சொந்தக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள் என்று ஒரு பத்திரிகை கணக்குப் போட்டிருந்தது. ஆளுங்கட்சியில் எல்லாரும் முழு நூறு விழுக்காடு. ஒரு பெண் உறுப்பினருக்கு மட்டும் மயிரிழை குறைவு. தலையாட்டிகளைப் பற்றி நையாண்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

சாவி கொடுத்த பொம்மைபோல அந்த அம்மாள் எழுந்து

(இதற்கு மேல் ஓடவில்லை. அந்த மயிரிழை எங்கே போயிற்று? அவர் மாறி வாக்களித்த அன்று அவையில் இருந்த நிருபர் நண்பரைக் கேட்டேன். அவர் சொன்ன பிறகு நையாண்டி வாயடைத்துப் போயிற்று.)

2

அந்த அம்மாள் முன்பு பேருந்து நடத்துநர். பின்படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தால் முன்சக்கரம் நகரும். அந்தத் தொண்டை சட்டமன்றத்துக்கு வந்தது கட்சிக்குக் கொண்டாட்டம். அவைத்தலைவர் “ஆம் என்போர்?” என்று கேட்டதும் இவருடைய “ஆம்” கூரையில் மோதித் திரும்பும். மற்றவர்கள் சும்மா வாயசைத்தால் போதும். அதனால்தான் ஆமாக்கா என்று பெயர்.

கட்சியின் கொறடா* வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அக்கா புருஷன்.

* யார் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவு போடுபவர். மீறினால் பதவியே போகலாம். (இந்த உறவை நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.)

3

அன்றைய மசோதா சின்னது: தொலைதூரப் பேருந்துகளுக்கு இரண்டாவது ஓட்டுநர் வேண்டாம், ஒருவரே போதும். அவை கூடுவதற்கு முன் தாழ்வாரத்தில், நிருபர் காதுபட:

“அத்தான், இதுக்கு மட்டும் என்னால ஆமான்னு சொல்ல முடியாது.”

“ஏம்மா, இத்தன நாளா படிச்சுப் பாத்துட்டா சொன்ன?”

“இல்ல. ஆனா இதப் படிக்கவே வேணாமே. அப்பல்லாம் ஒரே டிரைவர்தான். எங்க டிரைவர் அண்ணன், ‘பேசிக்கிட்டே வா தங்கச்சி, கண்ணு சொக்குது’ம்பாரு. விடிய விடியப் பேசுவேன். பின்னாடி அத்தன பேரும் வாயப் பொளந்து தூங்குவாங்க. அவங்க உசுரு என் தொண்டையில இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

கொறடா குரலைத் தாழ்த்தினார். “உன் பேரத் தலைவர்கிட்ட சொன்னதே நான்தான். என்னக் கவுத்துடாதம்மா. அப்புறம் உங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

(இங்கே ஆமாக்காவின் மனப்போராட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதினேன். ஜன்னல், மழை, கலங்கிய கண்… எல்லாம் என் சரக்கு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனார் என்கிறார் நிருபர்.)

4

“ஆம் என்போர்?”

ஒரு முனகல் எழுந்தது. அவ்வளவுதான். ஒரே தொண்டையை நம்பியே காலம் தள்ளிய ஆளுங்கட்சிக்காரர்களுக்குக் கத்தவே மறந்துபோயிருந்தது. அந்த வெற்றிடத்தை அவை முழுக்கக் கேட்டது. தலைகள் திரும்பின. ஆமாக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இல்லை என்போர்?”

எதிர்வரிசை இரைந்தது. எது பெரிய சத்தம் என்று அவைத்தலைவருக்கே குழப்பம். எழுந்து நில்லுங்கள், எண்ணிவிடலாம் என்றார்.

‘ஆம்’ என்று ஆளுங்கட்சி வரிசை மொத்தமும் எழுந்தது, ஆமாக்காவைத் தவிர. பிறகு அவர்கள் அமர்ந்தார்கள்; ‘இல்லை’ என்று எதிர்க்கட்சியினர் எழுந்தார்கள். அப்போது இந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒருவர் மட்டும் எழுந்தார்.

மலைபோல நின்றார் என்று எழுதி அடித்தேன். சுடர்போல என்று எழுதி, அதையும். ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்போல, காலைக் கொஞ்சம் அகட்டி நின்றாராம். கேட்டதும் எனக்கு மேல் சிலிர்த்தது. இன்னும் அடங்கவில்லை.

5

மசோதா தோற்றதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்; கை கூசியது. அது நிறைவேறிவிட்டது. சாயங்காலத்துக்குள் கட்சி அவரை நீக்கிவிட்டது. அவர் யாரிடமும் பேசாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினார். நிருபருக்குத் தெரிந்தது அதுவரைதான்.

“உள்ள வாடி” என்று அக்கா கையைப் பிடித்து இழுப்பதாக எழுதினேன். கதவைத் திறக்காமலே “அவர் உன்னப் பாக்க மாட்டாராம்” என்பதாகவும் எழுதினேன். இரண்டில் எதையும் சொல்ல எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

வெளியே அவர் நிற்கிறார். உள்ளே காலடிச் சத்தம். அது உங்களுடையது. தாழ்ப்பாளில் இப்போது உங்கள் கை.